40 எம்எம் லென்ஸ் போட்டா 50 கோடு ஏன் வருது? டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்ல லென்ஸும் ஃப்ரேம்லைனும்

தம்பி, பர்மாவுல மோல்மேன்ல இருந்து நீங்க கேட்டது இதுதான்: செகண்ட் ஹேண்ட்ல லைக்கா எம்9 ஒண்ணு வாங்கியிருக்கீங்க, கூட வோய்க்லாண்டர் நாக்டன் 40 எம்எம், அப்புறம் அடாப்டரோட ஒரு பழைய ஸ்க்ரூ மவுன்ட் ஜூப்பிடர்-8 50 எம்எம். 40-ஐ மாட்டினா வியூஃபைண்டர்ல 50 கோடு (50 எம்எம் படத்தோட எல்லையைக் காட்டுற ஃப்ரேம்லைன்) வருது, 50-ஐ மாட்டினா 28 கோடு வருது, எந்தக் கோட்டை வச்சு எடுத்தாலும் வெளியில நின்ன ஆளுங்க படத்துக்குள்ள வந்து நிக்குறாங்க. கேமரா ரிப்பேரா, லென்ஸுக்கு 6-பிட் கோடிங் போட்டா சரியாகுமா, தைப்பூசத்துல காவடி எடுக்குறதுக்கு 21 எம்எம் வாங்கலாமா, இவ்வளவுதானே.

கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. 6-பிட் போட்டாலும் இதுல ஒண்ணும் மாறாது. 21 வாங்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி விலை கம்மியான ஒரு சாமான் வாங்கணும், அதைக் கீழ சொல்றேன்.

முதல்ல இந்தக் கோடு எப்படி வருதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதிக் குழப்பம் போயிடும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல லென்ஸ் வழியா பாக்குறது இல்ல, தனி ஜன்னல் வழியாத்தான் பாக்குறோம், நடுவுல தெரியுற ரெண்டு பிம்பத்தையும் ஒண்ணாச் சேர்த்தா ஃபோக்கஸ், படம் எதுவரைக்கும் விழும்னு காட்டத்தான் கோடு. எம் மவுன்ட் லென்ஸோட பின்பக்கத்தை திருப்பிப் பாருங்க, பயனெட் வளையத்துல ஒரு இடத்துல உலோகம் கொஞ்சம் நீட்டிக்கிட்டு ஒரு பல் இருக்கும். லென்ஸை மாட்டித் திருப்புறப்ப அந்தப் பல் கேமரா மவுன்ட்டுக்குள்ள இருக்குற ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளும், எவ்வளவு தூரம் தள்ளுதோ அதைப் பொறுத்து வியூஃபைண்டருக்குள்ள இருக்குற மாஸ்க் நகரும். மொத்தம் மூணே மூணு நிலைதான் இருக்கு. ஒண்ணுல 28-ம் 90-ம் சேர்ந்து வரும், இன்னொண்ணுல 35-ம் 135-ம், மூணாவதுல 50-ம் 75-ம். அவ்வளவுதான் விஷயம். கேமராவுக்கு நீங்க போட்டது என்ன ஃபோக்கல் லெங்த்னு தெரியவே தெரியாது, பல்லோட நீளம் மட்டும்தான் தெரியும். உங்க எம்9-ல மட்டும் இல்ல, எம்240, எம்10, எம்11 எல்லாத்துலயும் இதே மூணு ஜோடிதான், 2006-ல வந்த எம்8 மட்டும் வேற, அதைத் தனியா சொல்றேன்.

40-னு ஒரு கோடு இந்த மூணு ஜோடியில எங்கயும் கிடையாது. 1973-ல லைக்கா சிஎல்-னு ஒரு சின்ன கேமரா வந்துச்சு, லைக்காவுல அதுல மட்டும்தான் 40-க்குன்னு தனிக் கோடு இருந்துச்சு, அதுக்காகப் பண்ணின சும்மிக்ரான்-சி 40-ஐ எம் பாடியில மாட்டினாலும் 50 கோடுதான் எழும்பும், உங்க நாக்டன் 40-ம் அதே வழிதான். அதனால உங்க லென்ஸ் டூப்ளிகேட்டோ உடைஞ்சதோ இல்ல, அதோட பல் 50-க்கு உள்ள நீளத்துல இருக்கு, அவ்வளவுதான்.

ஜூப்பிடர் கதை இன்னும் சுலபம். ஸ்க்ரூ லென்ஸுக்குப் பல்லே கிடையாது, பல் அடாப்டர்ல இருக்கும், அதனால அடாப்டர் மூணு வகையா வித்தாங்க, 28/90-க்கு ஒண்ணு, 35/135-க்கு ஒண்ணு, 50/75-க்கு ஒண்ணு. உங்ககிட்ட இருக்குறது 28/90 வகை. யாரோ ஒரு 90 எம்எம்-க்கு வாங்கினதைக் கழட்டி ஜூப்பிடர்ல மாட்டி வித்திருப்பாங்க. 50/75 அடாப்டர் ஒண்ணு வாங்கிப் போடுங்க, முடிஞ்சு போச்சு. வாங்குறப்ப ரெண்டு விஷயம் பாருங்க. மலிவு அடாப்டர்ல சிலதுல எந்த வகைன்னு எழுதியே இருக்காது, வெறும் அடாப்டரை பாடியில மாட்டி வியூஃபைண்டர்ல எந்தக் கோடு வருதுன்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும். இன்னொண்ணு அதோட கனம், ஸ்க்ரூ மவுன்ட்டுக்கு லென்ஸ்லேர்ந்து சென்சார் தூரம் 28.8 மி.மீ., எம் மவுன்ட்டுக்கு 27.8, அப்போ அடாப்டர் சரியா 1 மி.மீ. கனம் இருக்கணும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ஃபோக்கஸ் தப்பும், வெர்னியர் கேலிப்பர் வச்சிருக்குற ஒர்க்‌ஷாப்ல குடுத்தா ஒரு நிமிஷத்துல அளந்து சொல்லிடுவாங்க. பழைய சோவியத் லென்ஸ்ல நிறைய லைக்கா பாடியில கிட்டத்துல ஃபுல்லா திறந்து வச்சா ஃபோக்கஸ் கொஞ்சம் தள்ளித்தான் விழும், அது கோட்டுப் பிரச்சினை இல்ல, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

6-பிட் பத்தி. லென்ஸ் மவுன்ட்ல ஆறு சின்னப் புள்ளி, கருப்பும் வெள்ளையுமா, அதை கேமராவுக்குள்ள இருக்குற ஒரு கண் படிச்சுட்டு இது இன்ன லென்ஸுன்னு புரிஞ்சிக்கிட்டு ஓரத்துல இருட்டுறது, நிறம் மாறுறது இதையெல்லாம் சரி பண்ணும், ஃபைல்ல லென்ஸ் பேரையும் எழுதி வைக்கும். எம்8 வந்த காலத்துலதான் லைக்கா இதை ஆரம்பிச்சது. கோட்டை நகத்துறது உலோகப் பல், படத்தைத் திருத்துறது புள்ளி. உங்க எம்9-ல மெனுவுக்குள்ள போய் லென்ஸைக் கையாலயே செலக்ட் பண்ணலாம், 40-க்கும் 50-க்கும் அது தேவையே இல்ல, ஆஃப்ல விடுங்க. பின்னாடி 21 வாங்கினா மட்டும், லைக்கா இல்லாத 21-ஆ இருந்தா, லிஸ்ட்ல ஒரு 21-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்க, எம்9-ல அகல லென்ஸுக்கு ஓரத்துல சிவப்படிக்குற தொல்லை உண்டு, அது குறையும்.

இப்போ முக்கியமான சமாச்சாரம். சரியான கோடே வந்தாலும் வெளியில நிக்குற ஆள் ஏன் படத்துல வர்றான்?

ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்புறப்ப கோடு கீழ வலது பக்கமா நகர்றதைப் பாத்திருப்பீங்க, அது பேரலாக்ஸ் திருத்தம், வியூஃபைண்டர் ஓரத்துல இருக்கு, லென்ஸ் நடுவுல இருக்கு, கிட்டத்துல அந்த வித்தியாசம் தெரியும், அதைச் சரிக்கட்ட கோடு நகருது. ஆனா கோடு நகரும், சைஸ் மாறாது. லென்ஸோட பார்வை அப்படி இல்ல, கிட்டத்துல ஃபோக்கஸ் பண்ணப் பண்ண லென்ஸ் முன்னால நீளுது, நீண்டா பார்வை குறுகுது. அப்போ ஒரே சைஸ்ல இருக்குற கோடு ஏதாவது ஒரு தூரத்துக்குத்தான் கரெக்டா பொருந்த முடியும். எந்த தூரத்துக்குப் பொருத்துறதுன்னு தயாரிக்குறவங்க முடிவு பண்ணித்தான் ஆகணும். எம்8-ல அதை 0.7 மீட்டருக்கு வச்சாங்க. உங்க எம்9-ல 1 மீட்டர். 2008-ல வந்த எம்8.2-லயும், அப்புறம் எம்240, எம்10-லயும் 2 மீட்டர்.

கிட்ட தூரத்துக்குப் பொருத்துறதுல ஒரு நியாயம் இருக்கு. கோட்டுக்குள்ள நீங்க வச்சது எந்தக் காரணத்தைக் கொண்டும் வெட்டுப்படக் கூடாது, வெளியில கொஞ்சம் கூட வந்தா பரவாயில்ல. தையக்காரர் தையலுக்கு விடுற ஓரத் துணி மாதிரி. ஃபிலிம் காலத்துல ஸ்லைடு மவுன்ட் போடுறப்ப அந்த ஓரம் எப்படியும் மறைஞ்சிடும், அதனால யாரும் பெருசா கண்டுக்கல. இப்போ எடுத்த அடுத்த செகண்டே பின்னாடி ஸ்க்ரீன்ல முழு ஃப்ரேமும் தெரியுது, அதனாலதான் இது பெரிய குறையாத் தோணுது.

எவ்வளவு கூட வரும்னு கணக்குப் போட்டா, முழு லென்ஸும் முன்னால நகர்ற சாதாரண டிசைனுக்கு இப்படி வரும். எம்9-ல 50 எம்எம், கோடு 1 மீட்டருக்குப் பொருந்தினது, தூரத்துல இன்ஃபினிட்டியில வச்சு எடுத்தா அகலத்துல கிட்டத்தட்ட 5.5 சதவீதம் கூடுதலா விழும். 35-க்கு 4 சதவீதத்துக்குள்ள. 90-க்கு 11 சதவீதம், இது நல்லாவே கண்ணுக்குத் தெரியும். அதே எம்10-ல கோடு 2 மீட்டருக்குங்கறதால 50-க்கு 2.6, 35-க்கு 2-க்கும் கீழ, 90-க்கு 5 சதவீதம்தான். எம்8-ல 0.7 மீட்டர் கோட்டை வச்சு 50-ஐ இன்ஃபினிட்டியில எடுத்தா 8 சதவீதத்துக்கு மேல தள்ளும், அந்தக் காலத்துல எம்8 வாங்கினவங்க அவ்வளவு புலம்பினாங்கன்னா சும்மா இல்ல. ஃப்ளோட்டிங் எலிமென்ட் (உள்ள சில கண்ணாடி மட்டும் தனியா நகர்றது) இருக்குற புது லென்ஸ்ல இந்த நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா போக்கு இதுதான்.

இதுல திருப்பி ஒண்ணு இருக்கு, இதை நிறையப் பேர் மறந்துடுவாங்க. பொருத்தின தூரத்தை விட கிட்டப் போனா படம் கோட்டை விடச் சின்னதாயிடும். எம்9-ல 50-ஐ 0.7 மீட்டர்ல வச்சா சுமார் 2.5 சதவீதம் உள்ள வெட்டும். எம்10-ல இது இன்னும் அதிகம், ஏன்னா கோடு 2 மீட்டருக்கு. டீக்கடையில குட்டி ஸ்டூல்ல எதிர்ல உக்காந்திருக்குற ஆளை முகம் மட்டும் எடுக்குறப்ப தலை உச்சியைக் கோட்டோட ஒட்டி வைக்காதீங்க, கொஞ்சம் காத்து விடுங்க.

அதனால நான் சொல்றது, கோட்டை படத்தோட விளிம்புன்னு நினைக்காம ஒரு அளவுகோலா எடுத்துக்கிட்டு உங்க பாடிக்கும் உங்க லென்ஸுக்கும் எவ்வளவு முன்ன பின்னன்னு நீங்களே ஒருதடவை அளந்துடுங்க, ஏன்னா லென்ஸ்ல எழுதியிருக்குற நம்பரே கரெக்ட் கிடையாது, லைக்காவோட 50 உண்மையில 51.6 எம்எம் கணக்குல வர்றது, மத்த கம்பெனி 50 ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி.

அளக்க லேப் எல்லாம் வேணாம். நம்ம ஊர் அபார்ட்மென்ட் வாசல்ல எல்லாம் இழுத்து மூடுற இரும்பு கிரில் இருக்கே, கம்பி எல்லாம் ஒரே இடைவெளியில நிக்குமே, அதைவிட நல்ல டெஸ்ட் சார்ட் கிடையாது. ட்ரைபாட் இருந்தா நல்லது, இல்லைன்னா ஸ்டூல் மேல புக் அடுக்கி கேமராவை அசையாம வைங்க, கிரில்லுக்கு நேரா, சாயாம. 1 மீட்டர்ல ஃபோக்கஸ் பண்ணுங்க, கோட்டோட உள் விளிம்புக்குள்ள இடது பக்கம் எந்தக் கம்பி, வலது பக்கம் எந்தக் கம்பின்னு எண்ணி எழுதிக்குங்க, படம் எடுங்க, படத்துல எத்தனை கம்பின்னு எண்ணுங்க. அதே மாதிரி 2 மீட்டர்ல ஒண்ணு. தூரத்துக்கு கிரில் பத்தாது, எதிர் பில்டிங்ல வரிசையா பால்கனி இருக்கும்ல, அதை எண்ணுங்க. ரங்கூன் டவுன்டவுன்ல எதிர் வரிசை பால்கனியில இருந்து பேப்பரும் பார்சலும் எடுக்க கயித்துல க்ளிப் மாட்டித் தொங்க விட்டிருப்பாங்க, அந்தக் கயிறு ஒவ்வொண்ணும் நேர்கோடு, எண்ணுறதுக்கு அவ்வளவு சௌகரியம், உங்க ஊர்ல அது இல்லைன்னா ஜன்னல் போதும். வெளி விளிம்பா உள் விளிம்பான்னு ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணி எப்பவும் அதையே வச்சு எண்ணுங்க, மாத்தி மாத்தி எண்ணினா ஒண்ணுக்கும் உதவாது. இடது பக்கம் அதிகமா வலது பக்கம் கம்மியா வந்தா கோடு மையம் விலகியிருக்குன்னு அர்த்தம், அப்போ தூரத்துல இருக்குற ஒரு டவரைப் பாத்து ரேஞ்ச்ஃபைண்டர்ல ரெண்டு பிம்பமும் இன்ஃபினிட்டியில ஒண்ணா சேருதான்னு பாருங்க, சேரலைன்னா ரெண்டும் ஒரே பொறியில ஓடுறதால கோட்டு நகர்வும் சேர்ந்து தப்பும், இது மட்டும்தான் மெக்கானிக்கிட்ட போக வேண்டிய விஷயம்.

இப்போ உங்க 40. எம்9-ல 40-ஐ வச்சு தூரத்துல எடுத்தா 50 கோடு காட்டுறதை விட அகலத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூட விழும், அதாவது 50 கோட்டை நம்பினா ஃப்ரேமிங் போச்சு. 35 கோடு காட்டுறதோட ஒப்பிட்டா பத்துல ஒரு பங்கு கம்மியா விழும், ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் உள்ள தள்ளி நினைச்சிக்கிட்டா சரியா வரும், ஒரு மீட்டருக்குக் கீழ போனா இன்னும் கொஞ்சம் உள்ள. அப்போ 40-க்கு 35 கோடுதான் பொருத்தம்னு கணக்கே சொல்லுது, எல்லாரும் பல்லை அராவுறதும் இதுக்குத்தான், 50-க்கு உள்ள பல்லைக் கொஞ்சம் குட்டையாக்கினா 35/135 நிலைக்குப் போயிடும்.

அராவலாமா? லென்ஸ் சும்மிக்ரான்-சி-யா இருந்தா கையை வைக்கவே வேணாம்னு சொல்லுவேன், பின்னாடி விக்குறப்ப விலை போகாது. நாக்டன்னா உங்க இஷ்டம், ஆனா அராவுறதுன்னா லென்ஸ் கேமராவுல இருக்குறப்ப நினைச்சுக்கூடப் பாக்காதீங்க, பின் கண்ணாடியை டேப் ஒட்டி முழுசா மூடிட்டு, நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு தடவையும் தூசியை நல்லாத் துடைச்சுட்டு மாட்டிப் பாத்து, கோடு மாறின உடனே நிறுத்திடணும். உலோகத் தூள் ஷட்டருக்குள்ள போனா சென்சார் கிளீனிங்கோட நிக்காது. அராவினது திரும்ப வளராதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

அராவாம இருக்கவும் வழி உண்டு. உங்க எம்9-ல முன்பக்கம் லென்ஸுக்குப் பக்கத்துல ஒரு சின்ன லீவர் இருக்கு பாருங்க, அதைத் தள்ளினா மத்த ரெண்டு ஜோடிக் கோடும் எட்டிப் பாக்கும், விட்டா திரும்பிடும். படம் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தரம் தள்ளி 35 எங்க வருதுன்னு பாத்துக்கிட்டா போதும். கொஞ்ச நாள்ல 50 கோட்டுக்கு வெளியில எவ்வளவு இடம்னு கண்ணுக்குப் பழகிடும், நான் என்னோட 40-ஐ அராவாம அப்படித்தான் வச்சிருக்கேன், 18 மெகாபிக்சல்ல ஓரத்தைக் கொஞ்சம் கட் பண்ணினா யாரும் செத்துப்போயிடல. இந்த லீவரை எம்240-ல எடுத்துட்டாங்க, எம்-ஈ 220-லயும் கிடையாது, எம்10-ல திரும்ப வந்துச்சு. எம்240-ல ஏன் எடுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கும் கோவம்தான், இன்னொரு லென்ஸ் போட்டா எப்படி இருக்கும்னு பையைத் திறக்காமலே பாக்க அதைவிட நல்ல வழி இல்ல. எம்240-ல அதுக்குப் பதிலா கோடு எல்இடி வெளிச்சத்துல வரும், சிவப்பு வேணுமா வெள்ளை வேணுமான்னு கேக்கும், காளி கோயில் உள்பிரகாரம் மாதிரி இருட்டான இடத்துல அது பெரிய வசதின்னு ஒத்துக்கணும், எம்9-ல முன்னாடி ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம்தான் கோட்டைக் காட்டுது, அந்த ஜன்னலை விரலால மறைச்சா கோடு மங்கிடும்.

50-ஐப் போட்டா 75-ம் சேர்ந்து வருதேன்னு கேப்பீங்க. 75 கோடு வெறும் மூலைத் துண்டு துண்டா 50-க்குள்ள நிக்கும், அதை வச்சு ஃப்ரேம் பண்றது கஷ்டம், அதனாலயே நான் யாருக்கும் முதல் மூணு லென்ஸுக்குள்ள 75 சொல்ல மாட்டேன். லென்ஸ் நல்லா இருக்கும், வியூஃபைண்டர்தான் அதுக்கு ஒத்துவராது. 85 இருந்தா 90 கோட்டை வச்சுக்கலாம், வித்தியாசம் கம்மி, தூரத்துல இன்னும் கொஞ்சம் கூடும்னு மனசுல வைங்க. 90 கோடு 0.68 மடங்கு ஃபைண்டர்ல சின்னதாத்தான் தெரியும், 135 இன்னும் சின்ன டப்பா. 135-க்குக் கோடு மட்டும் இல்ல, ஃபோக்கஸும் பிரச்சினை, எம்9-ல ரேஞ்ச்ஃபைண்டரோட செயல்படுற அடித்தளம் (ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல உள்ள தூரத்தை ஃபைண்டர் மடங்கால பெருக்கினது, கூடக் கூட ஃபோக்கஸ் துல்லியம்) 47.1 மி.மீ., எம்10-ல ஃபைண்டர் 0.73 மடங்கானதால 50.6, கொஞ்சம்தான் கூட, நீளமான லென்ஸை முழுசாத் திறந்து வச்சா ரெண்டுமே இழுபறிதான். 1.25 மடங்கு, 1.4 மடங்குன்னு ஐபீஸ்ல திருகிப் போடுற உருப்பெருக்கி கிடைக்கும், போட்டா 50-க்கு மேல எல்லாம் சுகமா இருக்கும், ஆனா 28 கோடு பார்வையை விட்டு வெளியே போயிடும். பழைய எல்மரிட் 135 எஃப்2.8-ல லென்ஸ் மேலயே கண்ணாடி மாதிரி ரெண்டு கண் வச்சிருப்பாங்க, அது ஃபைண்டரை ஒன்றரை மடங்கு பெருசாக்கி 90 கோட்டையே 135-க்கு உபயோகப்படுத்த வச்சிடும், கழுத்து வலிக்குற கனம், ஆனா யோசனை பிரமாதம்.

மூக்குக் கண்ணாடி போடுறவங்களா நீங்க? அதை எழுதவே இல்ல. போட்டிருந்தா எம்9-ல 28 கோட்டோட நாலு பக்கமும் ஒரே பார்வையில தெரியாது, கண்ணை உருட்டணும். 35 ஓரளவு, 50 சுகம். எம்10-ல ஐபீஸ்லேர்ந்து கண்ணைத் தள்ளி வச்சுப் பாக்குற தூரத்தைக் கூட்டினதால 28-ம் ஓரளவு தெரியும். ஐபீஸ்ல போடுற பவர் லென்ஸ் கிடைக்கும், சிலிண்டர் பவர் இல்லாதவங்களுக்கு அது போதும்.

இப்போ தைப்பூசமும் 21-ம். எம்9 ஃபைண்டர்ல 28 கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் இடம் தெரியும், அது முழுசும் சேர்த்தா சுமாரா 24 எம்எம் பார்வை, கண்ணாடி போடாதவங்க 24-25 லென்ஸுக்கு அந்த முழு ஜன்னலையே ஃப்ரேமா வச்சுக்குறது உண்டு. 21-க்கு அது பத்தாது. ஹாட் ஷூவுல மாட்டுற தனி ஃபைண்டர் வேணும், லைக்காவுதும் இருக்கு, வோய்க்லாண்டரோடதும் இருக்கு, விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஃபைண்டர்ல ஃபோக்கஸ் பண்ண முடியாது, பேரலாக்ஸும் தானாச் சரியாகாது, லென்ஸுக்கு மேல உக்காந்திருக்குறதால கிட்டத்துல மேல கீழ மட்டும் தள்ளும், மேல கொஞ்சம் அதிகமா விட்டு எடுத்தாப் போதும். ஃபோக்கஸுக்கு 21-ல கவலை வேணாம், பழைய ஃபிலிம் கணக்குல எஃப்8-ல 1.8 மீட்டர்ல வச்சா சுமாரா 0.9 மீட்டர்லேர்ந்து கடைசி வரைக்கும் ஷார்ப், டிஜிட்டல்ல பெருசு பண்ணிப் பாக்குறப்ப அந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமாத் தெரியும், அதனால எஃப்11 வைங்க, பகல் வெயில்ல காவடி ஆடுற இடத்துல வெளிச்சத்துக்குப் பஞ்சமா என்ன.

ஆனா என்னைக் கேட்டா முதல் வருஷம் 28 போதும். காவடிக் கூட்டத்துல ஆளோட தோளு நம்ம தோள்ல இடிக்கும், 21-ல ஓரத்துல நிக்குறவங்க மூஞ்சி எல்லாம் இழுபட்டுடும், அலகு குத்தினவர் முகம் ஓரத்துல வந்தா பாக்கவே கஷ்டமா இருக்கும். 28-க்குக் கோடு கேமராவுக்குள்ளயே இருக்கு, ஒரே கண்ணால ஃபோக்கஸும் ஃப்ரேமும் முடியும். கோபுரத்தை முழுசா எடுக்கணும்னா 21 வேணும், ரங்கூன் அனோரதா ரோட்ல நம்ம காளி கோயில் கோபுரத்தை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்தவங்களுக்குத் தெரியும், பஸ்ஸும் காரும் நடுவுல, பின்னாடி போக இடமே இல்ல. இந்த வேலைக்கு லைவ் வியூ இருக்குற எம்240-க்கு மேல உள்ள பாடியில எலக்ட்ரானிக் ஃபைண்டர் மாட்டிட்டா விழப்போறதை அப்படியே பாக்கலாம், உங்க எம்9-ல லைவ் வியூ இல்ல, அதனால தனி ஃபைண்டர்தான் வழி.

பாடியை மாத்துற எண்ணம் இருந்தா ரெண்டு வார்த்தை. எம்8 மலிவா கிடைக்குதுன்னு சொல்லுவாங்க, அதுல சென்சார் சின்னது, 1.33 மடங்கு, கோடு ஜோடியும் வேற, 24/35, 28/90, 50/75. கோட்டைப் போட்டவங்களே க்ராப்பைக் கணக்குல எடுத்துட்டுத்தான் போட்டிருக்காங்க, அதனால 35-ஐ மாட்டினா 35-னு வர்ற கோட்டையே நம்பலாம், நீங்க மறுபடி 1.33-ஆல பெருக்கி ஃப்ரேம் பண்ண வேணாம், நிறையப் பேர் இங்கதான் ரெட்டைக் கணக்குப் போடுறாங்க. பார்வை மட்டும் ஃபுல் ஃப்ரேம்ல 47 மாதிரி இருக்கும். உங்க 40-ஐ அதுல போட்டா 53-க்குச் சமமா வரும், ஆனா அங்கயும் 40-க்குக் கோடு இல்ல. 2004-ல வந்த எப்சன் ஆர்-டி1-ல பல்லு கில்லு ஒண்ணும் வேலை செய்யாது, 28, 35, 50-னு மேல ஒரு சுவிட்ச், நீங்களே தள்ளி வைக்கணும், ஒரு தடவைக்கு ஒரே கோடு, ஃபைண்டர் 1.0 மடங்கு, ரெண்டு கண்ணையும் திறந்து வச்சு எடுக்கலாம், தெருவுல நடந்துக்கிட்டே எடுக்க அதுக்கு இணை எதுவும் இல்லைன்னே சொல்லுவேன், 6 மெகாபிக்சல் போதும்னா. பிரான்ஸ்ல பண்ற பிக்சியில கோடு எலக்ட்ரானிக்கா வரும், வேணுங்கறதை நீங்களே வச்சுக்கலாம். 2025-ல வந்த லைக்கா எம் ஈவி1-ல ரேஞ்ச்ஃபைண்டரையே எடுத்துட்டு எலக்ட்ரானிக் ஃபைண்டர் வச்சுட்டாங்க, கோட்டுச் சண்டை அத்தோட தீந்துச்சு, ஆனா ஃப்ரேமுக்கு வெளியில யாரு நடந்து வர்றான்னு பாக்குற சுகமும் போச்சு. வெளியிலேர்ந்து சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) உள்ள நுழையுறதுக்கு முன்னாடியே விரல் ரெடியா இருக்கும்ல, எனக்கு ரேஞ்ச்ஃபைண்டர் பிடிச்சதே அதுக்குத்தான், அந்தக் கோடு துல்லியமா இல்லாததை அதுக்காக மன்னிச்சு விட்டேன்.

எம்9 வாங்கினதால ஒண்ணு கேட்டுக்குங்க, பழைய சென்சார்ல மேல் கண்ணாடி அரிச்சுப்போற குறை அந்த மாடல்ல எல்லாருக்கும் தெரிஞ்சது, நம்ம ஊர் மழைக்கால ஈரத்துல அது சீக்கிரம் வரும், சென்சார் மாத்தினதான்னு வித்தவர்கிட்ட விசாரிங்க, எஃப்16-ல வெள்ளைச் சுவரை எடுத்து சின்னச் சின்ன வட்டப் புள்ளி இருக்கான்னும் பாருங்க. டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. தண்ணித் திருநாள்ல கேமராவை வீட்லயே விட்டுடுங்க, சொல்லவே வேணாம்.

முதல்ல 50/75 அடாப்டர், விலை கம்மின்னு சொன்னேனே அது இதுதான். அதைப் போட்டு ஜூப்பிடரை கிரில்ல வச்சு எண்ணுங்க, அப்புறம் 40-ஐ லீவர் தள்ளி 35 கோட்டோட ஒப்பிட்டு எண்ணுங்க, ரெண்டு நம்பரையும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி பையில போட்டுக்குங்க. எண்ணிக்கை நான் சொன்ன கணக்குக்கு ரொம்பத் தள்ளி வந்தா எந்த தூரம், எத்தனை கம்பின்னு எழுதுங்க, அடாப்டரா ஃபைண்டரான்னு பாத்துச் சொல்றேன்.